கடுகு பயிற்சிக்குப் போய் வந்த கதை

எங்கள் டிப்போவில் கடுகு என்றால் ஒரே ஆள்தான். டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிற கண்ட்ரோலர். ஆள் குள்ளம். கோபம் வந்தால் படபடவென்று வெடிப்பார், வெடித்த கையோடு அடங்கியும் விடுவார். அதனால் அந்தப் பெயர். யார் வைத்தது என்று இன்றுவரை எவனும் ஒப்புக்கொண்டதில்லை. முகத்துக்கு நேரே ஒருத்தரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், ஆனால் அவருக்குத் தெரியும். ஒருநாள் போனை எடுத்து, "கடுகுதான் பேசறேன், சொல்லித் தொலை" என்றார். எதிர்முனையில் இருந்தவன் பயத்தில் போனை வைத்துவிட்டான்.

நான் அங்கே உதிரிபாக ஸ்டோரில் இருப்பவள். கம்பி போட்ட ஜன்னல், எதிரே கண்ட்ரோல் ரூம், நடுவில் எண்ணெய் ஊறிக் கறுத்த முற்றம். இத்தனை வருஷத்தில் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தது பாதி, காதில் விழுந்தது மீதி. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. என் கோபத்தை மட்டும் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது.

கடுகு பஸ் கழுவுகிற வேலையில் சேர்ந்தவர். பிறகு டிரைவர் ஆனார். முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபின் நாற்காலிக்கு வந்தார். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். ஒரே தங்கை. அவளுக்கு முடித்துவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். அவளுக்கு முடிந்தபோது இவருக்குத் தலை நரைத்துவிட்டது, கேட்டு வர ஆள் இல்லை. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. தங்கை வீடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இருக்கிறது, போதும் என்பார்.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் எங்கள் டிப்போவுக்குள்ளேயேதான். டிரைவர்களில் ஒருத்தர். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் வண்டிக்குப் பிரேக் லைனிங் கேட்டு மெக்கானிக் என்னிடம் வருவது அபூர்வம். "பிரேக்க மிதிச்சுத் தேய்க்காதவன் பொண்டாட்டியவும் படுத்த மாட்டான்" என்று கணக்குப் போட்டுத்தான் கடுகு அவரைப் பிடித்தார். கணக்கு தப்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து டிப்போ முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர். அவரைவிட மூத்தவர்கள்கூட "என்ன மாப்ளே, விருந்தெல்லாம் எப்படி?" என்று ஓட்டுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. மருத்துவமனை, கோர்ட், கல்லூரி என்று சுற்றிச் சுற்றி வருகிற ஒரு வண்டி உண்டு. ரவுண்டு வண்டி என்போம். நெரிசல் இல்லை, மேம்பாலம் இல்லை, கடைசி நிறுத்தத்தில் நல்ல மர நிழல். வீட்டில் சண்டையோ சாவோ, எதையோ மனசில் போட்டு உழப்பிக்கொண்டு ஒரு டிரைவர் காலையில் வந்து நின்றால், கடுகு ஒன்றும் கேட்க மாட்டார். நிமிர்ந்து ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான், வெடிப்பார்.

"மூஞ்சியப் பாரு மூஞ்சிய! இத வச்சுக்கிட்டு மெயின் ரோட்டுல போனா பாசஞ்சர் பாதியிலயே இறங்கி ஓடிடுவான். போய் ரவுண்டு வண்டிய எடு. சாயங்காலம் வரைக்கும் என் கண்ணுல படாத!"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். திட்டு வாங்கினவர் தலையைக் குனிந்துகொண்டு போய் நிழல் வண்டியில் ஏறிவிடுவார். என்ன ஏது என்று யாரும் கேட்பதில்லை. திட்டு வாங்கினவன்மேல் யாரும் பொறாமைப்படுவதுமில்லை. சொல்லாமலேயே காரியம் நடந்துவிடும். இது பெரிய ஞானம் என்று நான் சொல்ல வரவில்லை. பல பேருடைய கஷ்டம் கடுகு கண்ணில் படாமலே போயிருக்கிறது, சிலபேர் நடித்தே நிழலை வாங்கியிருக்கிறார்கள். ஏதோ ஒரு ஏற்பாடு, ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஏற்பாட்டில் இடமில்லாத ஒரே ஆள் மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருக்கு ரவுண்டு வண்டி போட்டதற்கு, "தங்கச்சி புருஷனுக்கு நிழலு, எங்களுக்கு வெயிலா?" என்று ஒருத்தன் முற்றத்தில் நின்று கத்தினான். கடுகுக்கு முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு மார்க்கெட் வண்டிதான். மூட்டையும் முடிச்சும், படியில் தொங்குகிற கூட்டமும், மாட்டுவண்டியிலிருந்து லாரிவரை குறுக்கே வருகிற ரோடும். மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வேறொரு டிப்போவில் ஒரு டிரைவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பத்திரிகையில் வந்தது. அதுவரை எங்களுக்கெல்லாம் மனசு என்று ஒன்று இருப்பதே தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. திடீரென்று தெரிந்துவிட்டது. கண்ட்ரோலர்கள், மேலாளர்கள் எல்லோருக்கும் மனநலப் பயிற்சி என்று உத்தரவு வந்தது. கீழே வேலை செய்பவர் சோர்ந்திருந்தால் எப்படிக் கண்டுகொள்வது, எப்படிப் பேசுவது, எங்கே அனுப்புவது என்று சொல்லித் தரப் போகிறார்களாம்.

கடுகு முனகிக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார். சொல்லிக்கொடுத்த அம்மா நல்லவராம். புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல், தன் தம்பி வேலை செய்த இடத்தில் வாய் விட்டுச் சொல்ல முடியாமல் எப்படி நொறுங்கிப் போனான் என்று சொன்னாராம். கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், உடனே புத்தி சொல்லாதீர்கள், திட்டாதீர்கள், உங்களால் முடியாததை முறைப்படி மேலே அனுப்பி உதவி வாங்கிக் கொடுங்கள். அவ்வளவுதான் பாடம். அதில் ஒரு வார்த்தை தப்பு என்று என்னாலும் சொல்ல முடியாது.

கடுகு அங்கே எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "மனசு விட்டுப் பேசினவனுக்கு வேலைல ஏதாவது கெடுதல் வருமாம்மா?"

பயிற்சியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பொது மேலாளரைப் பார்த்திருக்கிறார். அவர் மைக்கை வாங்கி, "ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வராது. அதுக்கு நான் கியாரண்டி" என்றாராம். ஹால் முழுக்கக் கைத்தட்டல். கடுகும் தட்டியிருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாள் காலை முற்றத்தில் ஒரே கலவரம். கண்கள் வீங்கிப்போய் வந்த ஒரு டிரைவரிடம் கடுகு திட்டாமல், குரலைத் தாழ்த்தி, "எப்படிப்பா இருக்க? ஏதாவது பேசணுமா?" என்று கேட்டார். அந்த ஆள் நடுங்கிப் போய்விட்டார்.

"அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்? சஸ்பெண்டா? எதுவா இருந்தாலும் நேராச் சொல்லிடுங்கண்ணே."

"ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க?"

பழைய டயர் போட்டு வைக்கும் அறையைக் காலி செய்து பேசுவதற்கென்று ஒதுக்கினார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து, சூரியன் உதிக்கிற படம். "இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்" என்று கதவில் ஒரு போர்டு. அந்த அறைக்கும் என் ஸ்டோருக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் தட்டி. உள்ளே யாராவது கொட்டாவி விட்டால் எனக்குக் கேட்கும். கடுகிடம் சொன்னேன். "நீங்க வெளிய சொல்ற ஆளா ஸ்டோரம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ரப்பர் நாற்றம் அடிக்கும் அந்த அறைக்குள்ளும் மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அது வேலை செய்தது. பெண் கண்டக்டர் ஒருத்தி, தன்னை ஒருவன் பஸ்ஸில் தொடர்ந்து வந்து தொல்லை செய்வதை முதல்முதலாக அங்கேதான் சொன்னாள். கடுகு ரூட்டை மாற்றிப் போட்டார். இன்னொருத்தர் ஒன்றுமே சொல்லவில்லை, உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். கடுகு கூடவே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசாமல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதர் அவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்பதை நானே காதால் கேட்டேன். இதில் எதையும் அவர் மேலே அனுப்பவில்லை. நாமே பார்த்துக்கொள்ளக்கூடிய அளவுதானே என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை வீட்டில் இடி விழுந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து உண்டானவள். மாதம் நிறைந்து, குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. நான் போய்ப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டும் இருந்தார். அவரைப் பார்த்து எல்லோரும், "நீங்கதான் அவளுக்குத் தைரியம் சொல்லணும்" என்றார்கள். நானும் சொல்லியிருப்பேன், எல்லோரும் சொல்வதுதானே.

லீவு முடிந்து மாப்பிள்ளை மார்க்கெட் வண்டிக்குத் திரும்பினார். வண்டியில் ஒரு புகார் இல்லை, ஒரு கீறல் இல்லை. ஒருநாள் மத்தியானம் டயர் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கூடவே அவர் குரல்.

"மச்சான், கொஞ்சம் பேசலாமா?"

"வா மாப்ளே. உக்காரு."

நான் கையில் இருந்த நட்டுகளை அப்படியே வைத்துவிட்டேன்.

"தூக்கம் வர மாட்டேங்குது மச்சான். வீட்டுக்குப் போனா அந்தத் தொட்டில் நிக்குது. எடுத்து உள்ள வைக்க எனக்குக் கை வரல. அவ முன்னாடி அழ முடியாது. பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு அழறேன்."

"ம்."

"வண்டில உக்காந்தா மட்டும்தான் மண்டைக்குள்ள கொஞ்சம் அமைதியா இருக்கு. ரோடு, கியரு, ஹாரன்னு போயிடுது. இறங்கினா மறுபடி ஆரம்பிச்சிடுது."

"ம்."

"ஏதாவது வழி இருக்கா மச்சான்? யாராவது டாக்டருகிட்ட பேசினா சரியாகுமா?"

"இருக்கு மாப்ளே. நீ வாயத் திறந்து கேட்டியே, அதுவே பெரிசு. நான் பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை போனபிறகு கடுகு வெளியே வந்து முகம் கழுவினார். நேரே என் ஜன்னலுக்கு வந்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ரவுண்டு வண்டிய குடுங்க அவருக்கு. சாயங்காலம் நீங்களே கூட்டிட்டுப் போய் ஒரு நல்ல டாக்டரக் காட்டுங்க. அதோட விடுங்க."

"அதெல்லாம் இல்ல ஸ்டோரம்மா. முறைப்படி மேல எழுதி அனுப்பப் போறேன். கம்பெனி டாக்டரு, கவுன்சிலிங் எல்லாம் கிடைக்கும்."

"மத்தவங்களுக்கெல்லாம் அனுப்பினீங்களா? இவருக்கு மட்டும் எதுக்கு?"

"அதுக்குத்தான். மத்தவனுக்கு நான் ரூட்ட மாத்தலாம். இவனுக்கு மாத்தினா நாளைக்கே, 'தங்கச்சி புருஷன்னா சலுகை'ன்னு முற்றத்துல நின்னு கத்துவாங்க. என் வீட்டு ஆளுக்கு நான் சட்டப்படிதான் செய்யணும். ஒருத்தன் விரல் நீட்டக் கூடாது."

"மேல அனுப்பினது எது திரும்பி வந்திருக்கு? ரிப்பேருக்கு அனுப்பின என் கம்ப்ரஸரு இன்னும் வரல."

"அவரு கியாரண்டி குடுத்தாரும்மா. மைக்குல."

ஊர் வாய்க்குப் பயந்தவரை எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது. எவனெவனுக்கோ காட்டின கருணையை, சொந்தத் தங்கை புருஷனுக்குக் காட்ட அவருக்குக் கூச்சம். யோக்கியன் என்று பேர் எடுக்க வேண்டும், அதற்கு அந்த மனிதர்தான் கிடைத்தார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மேலேயிருந்து பதில் இந்த முறை சீக்கிரமே வந்தது. மனநிலை சம்பந்தமாகப் பெயர் வந்த எந்த டிரைவரும் மருத்துவக் குழு பார்த்துச் சரி என்று சொல்கிறவரை ஸ்டியரிங் தொடக்கூடாது. பழைய விதி. வலிப்பு, கண் பார்வை என்று வந்தவர்களுக்குப் போட்டிருந்தது, அதே விதி இதற்கும் பொருந்துமாம். மருத்துவக் குழு நினைத்தபோதெல்லாம் கூடிவிடாது. கூடுகிறவரை மாப்பிள்ளைக்கு வண்டி கழுவுகிற வேலை. பயிற்சி கொடுத்தவர்கள் அந்த விதியைப் படிக்கவில்லை. விதியை வைத்திருந்தவர்கள் பயிற்சியில் கைத்தட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

கடுகு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். மாப்பிள்ளைதான் அவரிடம் வந்து அதை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மடித்து, "சரி மச்சான்" என்றார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனார். நேற்றுவரை அவர் ஓட்டின மார்க்கெட் வண்டிதான் முதலில் வந்து நின்றது.

அன்று முதல் மனிதர் கரையத் தொடங்கினார். காலையிலிருந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரே வண்டியின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுவார். மாப்பிள்ளை என்று ஓட்டினவர்கள் இப்போது ஒன்றும் ஓட்டுவதில்லை. அதுதான் இன்னும் மோசம். புதிதாகச் சேர்ந்த ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் தலையைத் தொட்டுக் காட்டிக் கண்ணடித்ததை நான் பார்த்தேன். அவன் அடுத்த முறை வைப்பர் கேட்டு வந்தபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். மழையில் நனையட்டும் என்று இருந்தது.

கடுகு தலைமை அலுவலகத்துக்குப் போனார். பொது மேலாளர் நாற்காலி காட்டினாராம், தண்ணீர் கொடுத்தாராம்.

"சார், கெடுதல் வராதுன்னு சொன்னீங்களே."

"கெடுதல் எங்க வந்துச்சு? சம்பளத்துல கை வைக்கல, வேலைய விட்டு எடுக்கல. ஓய்வுதானே குடுத்திருக்கோம்?"

"அவன் நல்லா ஓட்டறான் சார். அதுலதான் அவனுக்கு நிம்மதியே."

"இருக்கலாம். பின்னாடி அத்தனை உயிர் உக்காந்திருக்கே, நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? நீங்கதானே எழுதி அனுப்பினீங்க. ரொம்பச் சரியாச் செஞ்சீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை என்னிடம் சொல்லும்போது கடுகு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் இனிப் பார்க்க வேண்டாம்.

பிறகு தங்கை வந்தாள். குழந்தை போனபின் அவள் வீட்டைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. கண்ட்ரோல் ரூம் வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை.

"அண்ணா, அவரு ராத்திரியெல்லாம் தூங்கலைன்னு உனக்குச் சொன்னாரா?"

"சொன்னான்மா."

"தண்ணியத் திறந்து விட்டுட்டு அழறாருன்னு சொன்னாரா?"

கடுகு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"எங்கிட்ட அவரு சொல்லல. நான் தாங்க மாட்டேன்னு மறைச்சு வச்சிருந்தாரு. மேல இருந்து அவருக்கு வந்த பேப்பர படிச்சுத்தான் எனக்குத் தெரியும். எங்க வீட்டு அழுகைய ஆபீஸ்ல எவனோ டைப் அடிச்சு அனுப்பியிருக்கான். அண்ணனா நெனச்சுத்தானே உங்கிட்ட சொன்னாரு. நீ எதுக்கு ஆபீசரா கேட்ட?"

"உதவி கிடைக்கும்னு நெனச்சேன்மா."

"இல்ல. ஊரு உன்னப் பேசக் கூடாதுன்னு நெனச்ச."

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனாள். புருஷன் கையிலிருந்த ஹோஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். டிப்போவில் அத்தனை பேரும் வேறு எங்கோ பார்த்தோம். அன்றோடு கடுகுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது. அவள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, இவரால்தான் போக முடியவில்லை.

இதற்கு நடுவில் தலைமை அலுவலகத்து மாத இதழில் கடுகின் படம் வந்தது. ஊழியரின் துயரத்தை உரிய நேரத்தில் கண்டறிந்து முறைப்படி உதவிய முன்மாதிரி கண்ட்ரோலர் என்று. அடுத்த அணிக்குப் பயிற்சி நடக்கும்போது இவர் வந்து அனுபவத்தைப் பேச வேண்டுமாம். நான் போக வேண்டாம் என்றேன். "போய்ச் சொல்லிட்டு வரேன் ஸ்டோரம்மா, நாலு பேருக்காவது தெரியட்டும்" என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தாராம். "எங்கிட்ட மனசு விட்டுப் பேசினவன் என் தங்கச்சி புருஷன். அவன் பேசினதால ஸ்டியரிங்க விட்டு இறக்கிட்டாங்க. இறக்கினது நான்தான்" என்றாராம். அதற்குமேல் சொல்ல முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். நெகிழ்ந்து போய்விட்டார் என்று நினைத்து ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். பொது மேலாளர் வந்து தோளில் தட்டிக் கொடுத்திருக்கிறார். பயிற்சியம்மா மட்டும் தட்டவில்லையாம். இடைவேளையில் இவரைத் தேடி வந்து, "இப்படி ஒரு விதி இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அந்த அம்மா அதைப் பற்றி மேலே கேள்வி கேட்டார். அதன்பிறகு பயிற்சிக்கு வேறொருவர் வந்தார்.

டயர் அறைப் பக்கம் இப்போது ஒருவரும் போவதில்லை. காலையில் ஒவ்வொருவனும் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு வருகிறான். "எப்படிப்பா இருக்க?" என்று கேட்டால், "சூப்பரா இருக்கேன்ணே" என்று கத்துகிறான். தாயைப் புதைத்துவிட்டு வந்தவர்கூட அப்படித்தான் சொன்னார். அவரிடம் கடுகு பழைய மாதிரி வெடித்துப் பார்த்தார், "மூஞ்சியப் பாரு, போய் ரவுண்டு வண்டிய எடு" என்று. அந்த மனிதர் கும்பிட்டுவிட்டார். "அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. புள்ள குட்டிக்காரன். மார்க்கெட் வண்டியே குடுங்க. அந்த நிழல் எனக்கு வேணாம்."

கடுகு மார்க்கெட் வண்டியையே கொடுத்தார்.

ஒருவழியாக மருத்துவக் குழு கூடியது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, நன்றாகச் சாப்பிடுகிறாரா, இன்று என்ன கிழமை என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதம் வந்த அன்று கடுகு விடியற்காலையிலேயே டிப்போவுக்கு வந்தார். ரவுண்டு வண்டியின் டிரைவர் சீட்டைத் தானே துடைத்தார். யார் என்ன கத்தினாலும் கத்தட்டும் என்று மாப்பிள்ளைக்கே ரவுண்டு வண்டியைப் போட்டார். யாரும் கத்தவில்லை. கத்துகிற ஆள்கூட ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது. வண்டி நகரவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்தாள். கடுகு முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போனார். என் ஜன்னலுக்கு நேராகத்தான் வண்டி நின்றது.

"என்ன மாப்ளே?"

மாப்பிள்ளை இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டும் வெடவெடவென்று ஆடின.

"பிடிச்சா நிக்க மாட்டேங்குது மச்சான்."

"டாக்டருங்க சரின்னு சொல்லிட்டாங்களேப்பா."

"உங்ககிட்ட வந்து சொன்னேனே, அன்னைக்கு என் கை நல்லாத்தான் இருந்துச்சு." கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபப்படத் தெரியாது. பிறகு கடுகின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இத மட்டும் மேல சொல்லிடாதீங்க மச்சான்" என்றார்.

"நான் எதையும் பாக்கல" என்றார் கடுகு. கையை நீட்டி இன்ஜினை நிறுத்தினார்.

மாப்பிள்ளையை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். ரவுண்டு வண்டி கோளாறு, அதனால்தான் ஓடவில்லை, ஏர் பைப் மாற்ற வேண்டும் என்றார். அந்த வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்ல பைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டச் சொல்லி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"நாளைக்கு என்ன கோளாறுன்னு போடலாம் ஸ்டோரம்மா?" என்று கேட்டார்.